பதினான்காம் எண் வீட்டுத் தேனீக்கள்

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. காலை பத்து மணிக்கு அன்பு நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தண்ணீர்ப் பந்தல் திறப்பு விழா. தென்னங்கீற்றுப் பந்தல், ஈர மணலில் உட்கார்த்திய நான்கு மண்பானைகள், பானைகளைவிட நான்கு மடங்கு உயரமான ஒரு பேனர். பேனரில் சங்கத் தலைவர் பூபதி கைகூப்பிச் சிரிக்கிறார். மேலே 'தாகம் தீர்க்கும் தலைவரே' என்று எழுதியிருந்தது. அந்த வாசகத்தைத் தலைவரே எழுதிக் கொடுத்தார் என்பது எங்கள் சமையலறை வரை வந்த தகவல். காரணம், சங்கத்தின் செயலாளர் என் வீட்டுக்காரர். அவர் பெயரும் பேனரில் உண்டு, கீழ் மூலையில், கண்ணாடி போட்டால் தெரியும்.

ஒரு டம்ளர் ரோஸ் மில்க்கை இருபத்து மூன்று பேர் தொட்டபடி படம் எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு தலைவர் அதைக் குடித்தார். டம்ளர் விளிம்பில் ஏற்கெனவே ஒருத்தி குடித்துக்கொண்டிருந்தாள். கீழுதட்டில் கொட்டிவிட்டாள்.

முப்பத்து நான்கு ஆண்டு ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தவள் நான். கொடுக்கைக் கிள்ளி எடுக்காதீர்கள், நகத்தால் வழித்து எடுங்கள் என்று பொறுமையாகச் சொன்னேன். கிள்ளித்தான் எடுத்தார். பத்து நிமிடத்தில் பேனரில் இருக்கும் முகத்துக்கும் கீழே நிற்கும் முகத்துக்கும் உறவு விட்டுப்போனது.

"டீச்சர், இது உங்க வீட்டு ஈயா?" என்றார். உதடு ஒத்துழைக்கவில்லை.

"தேனீ தலைவரே. எங்க வீட்டுதுதான்னு நினைக்கிறேன். இந்த ஏரியாவுல வேற யாரும் வளக்கல."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. சுண்ணாம்பு தடவுங்க, எரிச்சல் அடங்கும்."

பந்தலின் நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். வீட்டுக்கு வந்து பார்த்தேன். 'தலைவர் ரோஸ் மில்க் அருந்தி விழாவைத் தொடங்கி வைத்தார். விழா சிறிது நேரத்தில் முடிவுற்றது.'

ஏப்ரல் 16, புதன்

இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு பழுப்பு உறை. சங்கத்தின் முத்திரையோடு 'வீட்டு எண் 14-இல் வசிப்பவருக்கு' என்று போட்டிருந்தது. வீட்டு எண் பதினான்கில் வசிப்பவர்கள் இரண்டு பேர். ஒருவர் உறையை நீட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்து போடு. கிடைச்சதுன்னு."

"ஏங்க, நான் உங்க பொண்டாட்டி."

"அது ரெஜிஸ்டர்ல வராது."

போட்டேன். மின்வாரியத்தில் முப்பத்தோரு ஆண்டு கோப்பு எழுதிய மனிதர். ஏகாம்பரம் என்று பெயர் எழுதுவதற்கு முன்னால் தேதி எழுதுகிறவர். கடிதத்தில், வீட்டின் பின்புறம் சங்க அனுமதியின்றி வளர்க்கப்படும் 'கொட்டும் தன்மையுள்ள பூச்சிகளை' முப்பது நாளுக்குள் அகற்ற வேண்டும், மறுப்பு இருந்தால் மே 11 பொதுக்குழுவில் தெரிவிக்கலாம், பூச்சிகளின் எண்ணிக்கையையும் குறிப்பிட வேண்டும் என்று இருந்தது.

பதில் எழுதினேன். 'சுமார் எட்டாயிரம். வருகைப் பதிவேடு இல்லை. அகற்றும் எண்ணமும் இல்லை.'

கொண்டுபோய்க் கொடுத்தேன். சங்க அலுவலகம் எங்கள் முன்னறைதான்.

"ஆபீஸ் நேரம் பத்துலேருந்து அஞ்சு," என்றார். மணி ஒன்பதே முக்கால். வாசலில் கால் மணி நேரம் நின்றேன்.

ஏப்ரல் 19, சனி

நூற்றி நான்கு டிகிரி. வேலூரைச் சுற்றி நிற்கும் பாறை மலைகள் பகலெல்லாம் காய்ந்து, பொழுது சாய்ந்த பிறகு நம் பக்கம் மூச்சு விடுகின்றன.

முருங்கை மரத்தடியில் இருக்கும் தேனீப் பெட்டியின் வாசலில் முப்பது நாற்பது பேர் வரிசையாக நின்று சிறகால் விசிறுகிறார்கள். உள்ளே வேறு சிலர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொண்டுவந்து தேனடையின் மேல் பூசுகிறார்கள். விசிறல் பட்டுத் தண்ணீர் காய, கூடு குளிர்கிறது. அறுபது பிள்ளைகள் இருக்கும் வகுப்பறையில் ஈரத் துண்டைச் சன்னலில் கட்டி, எல்லோரும் நோட்டால் விசிறினால் எப்படி இருக்கும், அப்படி. தண்ணீர் கிடைக்காவிட்டால் மெழுகு இளகி அடை சரியும், குஞ்சுகள் வேகும். அந்த நிலை வருவதற்கு முன்பே நம் ஊர்த் தேனீ ஒரு முடிவுக்கு வரும்: கூண்டோடு கிளம்பிப் போய்விடும். நோட்டீசுக்கெல்லாம் காத்திருக்காது.

எனவே வேலியோரம் நீலப் பீங்கான் தட்டில் வடிகட்டிய தண்ணீர் ஊற்றி, உட்கார்ந்து குடிக்கக் கூழாங்கல் போட்டு வைத்தேன். ஒரு தேனீ வரவில்லை. எல்லாம் பந்தலுக்குப் போகின்றன. பானைக்கு அடியில் இருக்கும் ஈர மணல்தான் அவற்றுக்கு ருசி. எங்கள் பள்ளியில் குளிர்நீர் இயந்திரம் வைத்து, அமைச்சரைக் கூப்பிட்டுத் திறந்தார்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் பழைய அடிபம்பில்தான் வாய் வைத்தார்கள். சுத்தமான தண்ணீருக்கு வாசனை இல்லை. வாசனை இல்லாததைத் தேனீயால் கண்டுபிடிக்க முடியாது.

தவிர, தேனீ ஓர் இடத்தைப் பழகிவிட்டால் எளிதில் மாற்றாது. வெயில் ஏறுவதற்கு முன்பே, மாசியிலேயே, தட்டு வைத்திருக்க வேண்டும். மற்றவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவளே நான்தான். மாசியில் நான் வீட்டில் இல்லை. பதினேழு நாள் வேறோர் இடத்தில், ஒரு கட்டிலுக்குப் பக்கத்தில், இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அது தேனீ வளர்ப்பு சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல.

ஏப்ரல் 23, புதன்

பந்தல் காய்ந்துவிட்டது. திறந்த ஒன்பதாம் நாள். பானைகளைத் தட்டிப் பார்த்தால் நல்ல நாதம் வருகிறது.

பந்தலுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் வண்டி போட்டு இஸ்திரி போடும் கன்னியம்மா சொன்னாள்: "மூணு நாள் ஊத்துனாங்க டீச்சரம்மா. நாலாம் நாள் ஒருத்தர் வந்து பானைய ஃபோட்டோ புடிச்சாரு. அதோட சரி. தண்ணி ஊத்தலன்னா பரவால்ல, அந்த ஆளு மூஞ்சியனா அவுத்துனு போலாம் இல்ல? தாகமா வர்றவங்களப் பாத்து சிரிச்சினே கீது."

காய்ந்த மணலில் என் தேனீக்கள் தேடிக்கொண்டிருந்தன. இருபது, முப்பது அங்கேயே செத்துக் கிடந்தன. மற்றவை ஊரெல்லாம் பரவிவிட்டன. தலைவர் வீட்டு ஏர் கூலரில் ஒரு கூட்டம். பதினைந்தாம் எண் வீட்டு ரெஜினா குழந்தைக்குக் குளிப்பாட்ட எடுத்து வைத்த தண்ணீரில் ஒரு கூட்டம். ரெஜினா கூப்பிட்டு, "ஆன்ட்டி, உங்க ஆளுங்க பாத்ரூம் வரைக்கும் வந்துட்டாங்க," என்றாள். கோபப்படவில்லை. கோபப்படாதவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கடினம்.

செயலாளருக்கு இன்று மட்டும் பதினொரு புகார். எல்லாவற்றுக்கும் எண் போட்டு வைத்திருக்கிறார்.

ஏப்ரல் 24, வியாழன்

அதிகாலை நடையின்போது காய்கறிக் கூடையில் சங்கத்தின் மணலைத் திருடினேன். ஒரு பானையையும். கன்னியம்மா பார்த்துவிட்டு, "இன்னும் மூணு கீதே, எட்துனு போ," என்றாள்.

மணலை அகலத் தாம்பாளத்தில் பரப்பி, அதன் மேல் பானையை வைத்து, தண்ணீர் நிரப்பி, அடியில் ஒரு மயிரிழைத் துளை போட்டேன். மணல் எந்நேரமும் ஈரமாக இருக்கும். கொஞ்சம் வெல்லம் கரைத்துத் தெளித்தேன். முதல் நாள் மட்டும் மிட்டாய் கொடுத்தால் பள்ளிக்கூடம் வருகிற பிள்ளை, பிறகு பழக்கத்தில் வருவான்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஆறு தேனீ.

ஏப்ரல் 26, சனி

எண்ண முடியவில்லை. நாளை முதல் வெல்லம் கிடையாது.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடக்கம். நூற்றி ஏழு.

ரெஜினா வீட்டில் தொல்லை நின்றுவிட்டது. தலைவர் வீட்டிலும்தான், ஆனால் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "பதுங்கியிருக்குது" என்கிறாராம்.

பெட்டிக்கு மேலே கீற்று நிழல். மூடிக்கு அடியில் காற்றுக்காக நான்கு மூலையிலும் தீக்குச்சிகள். சுற்றிலும் நனைத்த கோணி. எறும்பு ஏறாமலிருக்கக் கால்களுக்குக் கீழே நான்கு தண்ணீர்க் கிண்ணங்கள். இவ்வளவும் செய்தும் மாலையில் பாதிக் கூட்டம் வாசலுக்கு வெளியே தாடி போலத் தொங்குகிறது. உள்ளே சூட்டைக் குறைக்க வெளியே வந்து நிற்கிறார்கள். கிளம்பலாமா என்று யோசிக்கவும் இதுதான் இடம். எந்தத் தாடி எதற்கென்று வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரியாது.

கோணி நாற்பது நிமிடத்தில் காய்ந்துவிடுகிறது. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை நனைக்க வேண்டும். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் எனக்குக் கண் செருகிவிடும். அந்த ஒரு மணி நேரம்தான் பயம்.

மே 6, செவ்வாய்

ஒன்றரை மணிக்குத் தூங்கிப்போய் இரண்டே முக்காலுக்கு எழுந்தேன். பதறிக்கொண்டு போய்ப் பார்த்தால் கோணியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல தடித்த கோணி. இனிமேல் இந்தக் கடையிலேயே வாங்க வேண்டும்.

மே 8, வியாழன்

இன்றும் கோணி காயவில்லை. செயலாளரின் செருப்பில் சேறு. கோப்பு பார்த்துக்கொண்டிருந்தாராம். வேட்டியின் ஓரமும் கோப்பு பார்த்து நனைந்திருந்தது.

அவருக்கு வெயிலில் நிற்கக் கூடாது, கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த தாள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. பெரிய எழுத்தில் நான்தான் மறுபடி எழுதி ஒட்டினேன்.

தோட்டத்துக் குழாயடியில் இருந்த பெரிய வாளியை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். விரிசல் விழுகிற மாதிரி இருந்தது. அதற்குப் பதிலாகச் சின்னச் சொம்பு ஒன்று வைத்தேன். முருங்கை நிழல் போதவில்லை, தேனீக்களுக்காகக் கீற்றைக் குழாய் வரைக்கும் நீட்டிக் கட்டினேன். தேனீக்கள் குழாயடிக்கு வருவதில்லை என்பது உண்மைதான்.

மே 11, ஞாயிறு

பொதுக்குழு. உறுப்பினர்கள் நூற்றிப் பன்னிரண்டு. வந்தவர்கள் பத்தொன்பது. அதில் நான்கு பேர் வடைக்கு.

பெட்டி போகிறதா, இருக்கிறதா என்பது இன்று தெரிந்துவிடும் என்று போனேன். வகுப்புக்குப் போவது போலத் தயாரித்துக்கொண்டு போனேன். காலி அடை ஒன்று, படம் ஒன்று, உதாரணங்கள் ஐந்து. எதற்கும் வேலையில்லை. தலைவர் எழுந்ததும் பெட்டியைப் புகழ ஆரம்பித்துவிட்டார்.

விஷயம் இதுதான். சென்னையில் ஏதோ ஓர் அறக்கட்டளை 'பசுமை நகர்' என்று விருது கொடுக்கிறதாம். மரம், மழைநீர், பறவை, தேனீ என்று நான்கு கட்டம். மற்ற மூன்றிலும் நாங்கள் பூஜ்யம். நான்காவது கட்டத்தை நிரப்ப என் வீட்டுக் கொல்லையில் எட்டாயிரம் பேர் இருக்கிறார்கள்.

"வர்ற வெள்ளிக்கிழமை அவங்க வர்றாங்க," என்றார் தலைவர். "பெட்டிக்கு மாலை போட்டு, சாம்பிராணி காட்டி, மூடியத் திறந்து கெஸ்ட் கையில அடையக் குடுக்கறோம். பத்தரைலேருந்து பன்னெண்டு ராகு காலம். பன்னெண்டேகாலுக்கு வச்சிக்கலாம்."

நான் எழுந்தேன். "தலைவரே, அக்னி நட்சத்திரத்துல உச்சி வெயில்ல மூடியத் திறந்தா அடை சரிஞ்சிடும். பிரசவ வார்டுல கூரையப் பிரிச்சிட்டு மேளம் அடிக்கிற மாதிரி. அன்னைக்கே கூண்டோட போயிடும்."

"ரெண்டு நிமிஷம் டீச்சர். ஃபோட்டோ எடுத்துட்டு மூடிடலாம்."

"காலைல ஆறு மணிக்கு வாங்க, திறந்து காட்டறேன்."

"ஆறு மணிக்கு கெஸ்ட் எங்க வருவாரு? எனக்கே விடியறது எட்டு மணிக்கு."

சிரித்தார்கள். ரெஜினா மட்டும், "கொட்டுதுன்னு நோட்டீஸ் குடுத்தது இதே ஈக்குத்தானே?" என்று கேட்டாள். அது நிகழ்ச்சி நிரலில் இல்லை என்றார்கள்.

தீர்மானம் இப்படி வந்தது: வெள்ளிக்கிழமை விழா நடந்தால் நோட்டீஸ் ரத்து. நடக்காவிட்டால் நோட்டீஸ் அமலுக்கு வரும், ஞாயிற்றுக்கிழமைக்குள் பெட்டி அன்பு நகரை விட்டுப் போக வேண்டும். திறந்தால் தேனீ போகும், திறக்காவிட்டால் பெட்டி போகும். இந்த வெயிலில் வண்டியில் ஏற்றிப் பெட்டியை வேறிடம் கொண்டுபோனாலும் கூட்டம் தங்காது.

கடைசியில் தலைவர் என் வீட்டுக்காரர் தோளில் கை வைத்தார். "நம்ம செயலாளர் மாசில ஆஸ்பத்திரில படுத்திருந்தப்பகூட இந்தப் பதவிய நாம வேற யாருக்கும் குடுக்கல. அந்த விசுவாசத்துக்கு இந்த விழாவ அவரு நல்லபடியா நடத்திக் குடுப்பாரு."

என் வீட்டுக்காரர் தலை குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். அந்தப் பதவி வேறு யாருக்கும் போகாததற்குக் காரணம், வேறு யாருக்கும் நான்கு வரி சேர்ந்தாற்போல எழுத வராது என்பதுதான். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது கட்டிலிலிருந்து எழ மாட்டேன் என்றவரை, ஒரு கட்டுக் கோப்பைக் காட்டித்தான் நான் எழுப்பி உட்கார வைத்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

மே 12, திங்கள்

முன்னறையில் சங்க வேலை. சாப்பாட்டு மேசையில் ஒரு பேச்சு: "உப்பு கம்மி."

மே 13, செவ்வாய்

நூற்றி எட்டு. கோணி ஏழு முறை நனைத்தேன். எட்டாவது முறை நான் நனைக்கவில்லை.

தாடி நேற்றைவிட நீளம்.

மே 14, புதன்

அழைப்பிதழ் வந்துவிட்டது. தலைவர் படம், விருந்தினர் படம். தேனீ படம் என்று போட்டிருப்பது ஒரு குளவி.

"உங்களுக்கு இது தெரியலையா?" என்றேன்.

"படம் தலைவர் குடுத்தது."

"பன்னெண்டேகாலுக்குத் திறந்தா என்ன ஆவும்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அச்சடிச்சீங்க?"

"தீர்மானம் போட்டாச்சு தனம். செயலாளர்னா அச்சடிச்சித்தான் ஆவணும்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. எந்தப் பிள்ளையையும் நான் அடித்ததில்லை. பேசாமல் இருந்திருக்கிறேன்.

மே 15, வியாழன்

மாலையில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று சங்கத்தின் தாளில். இன்னொன்று கோடு போட்ட வெள்ளைத் தாளில். முதல் கடிதத்தை உறையில் போட்டு, தன் எதிரே வைத்து, தானே பிரித்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்தார். பதிவேட்டில் 'கிடைத்தது' என்று கையெழுத்துப் போட்டார். பிறகு ரொம்ப நேரம் யோசித்து இரண்டாவதை எழுதினார்.

காபி வைத்துவிட்டு வந்தேன். கேட்கவில்லை. இந்த வயதில் ஒருவர் தனக்குத் தானே கடிதம் எழுதினால் கேட்கத்தான் வேண்டும், ஆனால் நான் இன்னும் பேசாமல் இருப்பதில் இருந்தேன்.

மே 16, வெள்ளி

பன்னிரண்டு மணிக்கு வந்துவிட்டார்கள். விருந்தினர், ஃபோட்டோக்காரர், பட்டுச் சட்டையில் தலைவர், பின்னால் பதினைந்து பேர். ஒரு தட்டில் ரோஜா மாலை, ஒரு தட்டில் சாம்பிராணிப் புகை. நான் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டேன். என்ன செய்வதாக இருந்தேன் என்று தெரியவில்லை. தாடி பெட்டியின் அடிப்பலகையைத் தாண்டித் தொங்கிக்கொண்டிருந்தது. ஓசை மாறியிருந்தது. மணி அடிப்பதற்கு முன்னால் வகுப்பில் பை எடுக்கும் சத்தம் கேட்குமே, அது.

"டீச்சர், கொஞ்சம் நகருங்க. ஃபிரேம்ல வர்றீங்க," என்றார் ஃபோட்டோக்காரர்.

அப்போது என் வீட்டுக்காரர் கோப்போடு வெளியே வந்தார். கீற்று நிழலைத் தாண்டி வெயிலில் வந்து நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார்.

"சங்கச் செயலாளர் பதினைந்தாம் தேதியிட்ட கடிதத்தில் கேட்டிருந்த அனுமதி, வீட்டு உரிமையாளரால் பரிசீலிக்கப்பட்டு, மறுக்கப்படுகிறது."

தலைவருக்குப் புரியவில்லை. "யாரு மறுத்தாங்க?"

"வீட்டுக்காரர்."

"வீட்டுக்காரர் யாரு?"

"நான்தான். பத்திரம் என் பேர்ல இருக்கு."

"அப்ப கேட்டது?"

"செயலாளர். அதுவும் நான்தான். ரெண்டு கடிதமும் ஃபைல்ல இருக்கு, தலைவரே. விதி இருபத்திரெண்டு. உறுப்பினர் வீட்டுக்குள்ள அவரோட எழுத்து மூல சம்மதம் இல்லாம சங்கம் எந்த விழாவும் நடத்தக் கூடாது. பொங்கலுக்கு உங்க வீட்டு வாசல்ல அடுப்பு வைக்கறோம்னு கேட்டப்ப நீங்க போட்ட விதி."

"ஏகாம்பரம், விளையாடாதீங்க. விழா இல்லன்னா பெட்டி போவணும். தீர்மானம் இருக்கு."

"இருக்கு. தீர்மானத்த அமல்படுத்த நோட்டீஸ் குடுக்கணும். நோட்டீஸ்ல செயலாளர் கையெழுத்து வேணும்."

"போடுங்க கையெழுத்து."

"செயலாளர் இல்லையே." கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்து நீட்டினார். "பதினொன்னே முக்காலுக்கு ராஜினாமா. நேரம் போட்டிருக்கேன். ராகு காலத்துல குடுத்ததுக்கு மன்னிச்சிக்குங்க."

விருந்தினர் விருதுச் சான்றிதழால் விசிறிக்கொண்டு, வேறு ஏதாவது பசுமையாக இருக்கிறதா என்று கேட்டார். தண்ணீர்ப் பந்தலுக்கு அழைத்துப்போனார்கள். அங்கே மூன்று காலிப் பானையோடு படம் எடுத்ததாகக் கன்னியம்மா பிற்பாடு சொன்னாள். ஒரு பானை குறைகிறது என்று யாரும் கவனிக்கவில்லையாம்.

அவர் வெயிலில் நின்றது ஒன்பது நிமிடம். நான் தேனீயைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்து, மோர் கொடுத்து, நாடி பார்த்தேன்.

"எட்டாயிரம் பேரு," என்றார். "எண்ணிக்கை கேட்டு எழுதுனதே நான்தானே. ஃபைல்ல இருக்கறத எப்படி இல்லன்னு சொல்றது."

"பேசாதீங்க. மோரக் குடிங்க."

"ரெண்டு நாளா நீதான் பேசல."

மே 19, திங்கள்

புதிய செயலாளர் கிடைக்கவில்லை. ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்குப் பையனுடைய பரீட்சை, ஒருவர் கேட்டதும் அமெரிக்கா போய்விட்டார். கெடு நேற்றோடு முடிந்தது. நோட்டீஸ் எழுத ஆள் இல்லை.

மாலையில் தலைவரே வந்தார்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு ஏகாம்பரம். அந்த நோட்டீஸ எழுதி மட்டும் குடுங்க. கையெழுத்து நானே போட்டுக்கறேன். எனக்கு அந்த நடை வராது."

சொந்த வீட்டுப் பெட்டியைத் தூக்குவதற்கு அந்த வீட்டுக்காரரிடமே எழுதி வாங்க வந்த மனிதரை நான் என் வாழ்நாளில் முதல் முறையாகப் பார்த்தேன். நாற்காலி போட்டேன். காபி கொடுத்தேன்.

"எழுதலாம் தலைவரே," என்றார் இவர். "யாருக்கு எழுதணும்?"

"வீட்டு எண் பதினாலுக்கு."

"அப்ப அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுச் சொல்றேன்."

தலைவர் காபியைக் குடித்துவிட்டுப் போனார். நல்ல காபி என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவர் போன பிறகு முன்னறையில் கோப்பு இல்லாத மேசை. இவர் அந்த மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து பதினேழு நாள் நான் பார்த்த முகம் அது.

"தேனீப் பெட்டிக்கு ஒரு ரெஜிஸ்டர் வேணும்," என்றேன். "எத்தன மணிக்குக் கோணி நனைச்சது, எவ்ளோ சூடு, எத்தன அடை, எல்லாம். எனக்கு ஒழுங்கா எழுத வரல."

"உனக்கா எழுத வரல?" என்றார்.

அரை மணி கழித்து அளவுகோல் வைத்துக் கோடு போடும் சத்தம் கேட்டது. நடுப்பகல் என்று ஒரு தனிப் பத்தி இருந்தது. அதில் முன் தேதிகளுக்கும் பதிவு இருந்தது. மே 6 முதல், ஒரு நாள் விடாமல்.

மே 21, புதன்

மழை. நான்கு மணிக்குக் காற்று, நாலரைக்குக் கல் விழுகிற மாதிரி துளிகள், ஐந்தரை வரை விடவில்லை. தாடி இருட்டுவதற்குள் உள்ளே போய்விட்டது. காலையிலும் உள்ளே இருந்தால் தங்குவதென்று முடிவு செய்துவிட்டார்கள் என்று பொருள்.

பந்தல் சாய்ந்தது. பேனரைக் கன்னியம்மா அவிழ்த்துத் தன் வண்டிக்கு மேல் கட்டியிருக்கிறாள். முகம் மேலே பார்த்திருந்தது.

"உள்பக்கம் வச்சா துணியப் பாத்து சிரிக்கும்," என்றாள். "மேல கெடக்கட்டும். மழையாவது கழுவட்டும்."

மே 22, வியாழன்

காலை ஆறு மணி. எழுபத்தெட்டு டிகிரி. மண் ஈரம். வாசலில் விசிறுபவர்கள் யாருமில்லை, வேலைக்குப் போகிறவர்களும் வருகிறவர்களும் மட்டும்.

"நான் பாக்கலாமா?" என்றார். இரண்டு வருடமாகப் பெட்டி இருக்கிறது, இதுவரை கேட்டதில்லை.

என் வலைத் தொப்பியைப் போட்டுவிட்டேன். மூடியைத் திறந்து, சட்டங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினேன். அடை ஒன்றும் சரியவில்லை. இரண்டாவது சட்டத்தில் மூடிய குஞ்சு அறைகள், மூன்றாவதில் புதிய முட்டைகள். கொஞ்சம் தேன் இருந்தது. இந்த ஆண்டு எடுப்பதாக இல்லை. பாடுபட்டவர்களே சாப்பிடட்டும்.

நான்காவது சட்டத்தில் ராணி நடந்து போனாள். விரல் நுனியால் காட்டினேன்.

"இவங்கதான் தலைவரா?"

"இல்ல. ராத்திரி பகலா வேல செய்யறது இவங்க. தங்கறதா, கெளம்பறதான்னு முடிவு பண்றது மத்தவங்க. அவங்க சொன்னா இவங்க போயாகணும்."

வலைக்குள்ளிருந்து சிறிது நேரம் உற்றுப் பார்த்தார்.

"செயலாளர்," என்றார்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. தோள் குலுங்கியது. சட்டம் ஆடுமே என்று நான் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மாசிக்குப் பிறகு அந்தச் சத்தத்தை நான் கேட்கவில்லை. ஒருத்தி அவர் முழங்கையில் உட்கார்ந்து, நடந்து, பறந்து போனாள்.

"நேரமாச்சு, மூடிடலாமா?" என்றார்.

"இன்னும் கொஞ்சம் பாருங்க," என்றேன். வெயில் வர நேரமிருந்தது.